ஸ்கிரீன் ரீடரோடு ஜெர்மன் கற்பது எப்படி: பார்வையற்ற மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும்

பார்வையற்ற ஒருவர் வெளிநாட்டு மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னால், "உங்களுக்குக் காது கூர்மையாச்சே, சட்டுனு வந்துடும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பேச்சுக்கு அது ஓரளவு சரி. ஆனால் மொழி வகுப்பு என்பது பாதி எழுத்து: எழுத்துப்பிழை இல்லாமல் கடிதம் எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அட்டவணையைப் பார்த்து வேற்றுமை உருபு மாற்ற வேண்டும். அங்கே காதை மட்டும் நம்பிப் போனால் ஏ1 என்ற தொடக்க நிலை தாண்டுவதற்குள் சிக்கிக்கொள்வோம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன்: குரலைச் சரியான மொழிக்கு மாற்றுங்கள், அதற்கு அடுத்ததாக ஒவ்வொரு சொல்லையும் விரலுக்கோ எழுத்தெழுத்தாகக் காதுக்கோ கொண்டுவாருங்கள்.

நான் ஜெர்மனை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் கணினி, என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்), ஒரு ஸ்மார்ட்போன், முடிந்தால் ஒரு பிரெயில் டிஸ்ப்ளே (திரையில் இருக்கும் வரியைப் பிரெயில் புள்ளிகளாக எழுப்பும் கருவி), அது இல்லையென்றால் கையால் பிரெயில் குத்தும் ஸ்லேட்டும் ஸ்டைலஸும். பிரெஞ்சு, ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். ஜப்பானியம், சீனம் வேறு கதை, அங்கே எழுத்துருவே தனிப் பிரச்சினை.

குரலில் தொடங்குங்கள்

என்விடிஏ-வை ஆங்கிலக் குரலில் வைத்துக்கொண்டு ஒரு ஜெர்மன் பாடத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 'தீ' என்று ஒலிக்க வேண்டிய பெண்பால் ஆர்டிகிளை (பெயர்ச்சொல்லுக்கு முன் வந்து அதன் பாலைக் காட்டும் சொல்) அது 'டை' என்று படிக்கும், ஆங்கிலத்தில் சாவதற்கான சொல் அதே எழுத்துகளில் இருப்பதால். குழந்தையைக் குறிக்கும் 'கிண்ட்' என்ற சொல் 'கைண்ட்' ஆகிவிடும். தொப்பி 'ஹூட்', அது 'ஹட்' ஆகும். ஒரு வாரம் இப்படிக் கேட்டால் போதும், தவறான உச்சரிப்பு மண்டையில் ஏறி உட்கார்ந்துவிடும், அதைப் பிறகு பிடுங்கி எடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். பார்வையுள்ள மாணவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, புத்தகம் அவர்களிடம் தப்பாகப் பேசுவதில்லை. அதனால் முதல் பாடத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் சரி செய்துவிடுங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் ஸ்பீச், அதற்குள் குரல்களைச் சேர்க்கும் பொத்தான். அங்கே ஜெர்மன் குரல்களை இறக்கிக்கொள்ளுங்கள்: காட்யா, ஹெடா, ஸ்டெஃபான் என்று மூன்று பேர் வருவார்கள். அதே இடத்தில் தமிழுக்கு வள்ளுவர் என்ற குரலும் உண்டு. அப்புறம் என்விடிஏ விசையோடு கன்ட்ரோலையும் எஸ்-ஐயும் அழுத்தி, குரல் எஞ்சினான சிந்தசைசரை விண்டோஸ் ஒன்கோர் என்று மாற்றுங்கள். (என்விடிஏ விசை என்று நான் சொல்வது இன்சர்ட், அல்லது நீங்கள் வைத்திருந்தால் கேப்ஸ்லாக்.) அடுத்து என்விடிஏ, கன்ட்ரோல், வி அழுத்தினால் ஸ்பீச் செட்டிங்ஸ் திறக்கும். அதில் மொழியைத் தானாக மாற்றும் தேர்வுப்பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், 'இது ஜெர்மன்' என்று சரியாகக் குறியிடப்பட்ட பக்கம் வரும்போது குரல் தானே ஜெர்மனுக்குத் தாவும், ஆங்கில வரி வந்ததும் திரும்பி வரும். டாய்ச்ச வெல்ல வானொலியின் ஜெர்மன் பக்கங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

குறியிடப்பட்ட பக்கம் என்பதுதான் இங்கே முக்கியம். ஆங்கிலத்தில் ஜெர்மன் இலக்கணம் சொல்லித்தரும் பெரும்பாலான தளங்களில் நடுநடுவே வரும் ஜெர்மன் சொற்களுக்கு எந்தக் குறியும் இருக்காது. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஆங்கிலமா ஜெர்மனா என்று தெரியாது, இரண்டும் ஒரே ரோமன் எழுத்து. தமிழ் கலந்த குறிப்பு என்றால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: ஜெர்மன் குரல் தமிழ் எழுத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும், 'மேசை' என்று நீங்கள் எழுதி வைத்த பொருள் அந்த வரியில் இருக்கும், ஆனால் காதுக்கு வராது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, ஜெர்மனுக்கென்று தனியாக ஒரு என்விடிஏ புரொஃபைல், அதாவது தனி செட்டிங்ஸ் தொகுப்பு. என்விடிஏ, கன்ட்ரோல், பி (புரொஃபைலின் பி) அழுத்துங்கள், நியூ கொடுங்கள், 'ஜெர்மன்' என்று பெயர் வையுங்கள், கையால் இயக்குவது என்று தேர்ந்தெடுங்கள். அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே குரலைக் காட்யாவுக்கு மாற்றுங்கள், வேகத்தை நன்றாகக் குறையுங்கள், பிரெயில் டிஸ்ப்ளே இருந்தால் பிரெயில் டேபிளையும் (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்ற பட்டியல்) ஜெர்மனுக்கு மாற்றிவிட்டு என்விடிஏ, கன்ட்ரோல், சி அழுத்திச் சேமியுங்கள். பிறகு என்விடிஏ மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதற்குள் இன்புட் ஜெஸ்சர்ஸ் போய், அந்தப் புரொஃபைலுக்கு வேறு எதற்கும் பயன்படாத ஒரு விசைக்கூட்டை ஒதுக்குங்கள். இனி குறியிடப்படாத ஜெர்மன் வரி வந்தால் ஒரு தட்டு, படித்து முடித்ததும் இன்னொரு தட்டு. புரொஃபைல் ஓடும்போது 'லிங்க்', 'ஹெட்டிங்' போன்ற அறிவிப்புகளும் ஜெர்மன் வாயிலிருந்து வரும், கொஞ்சம் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஈஸ்பீக் குரலைக் கடகடவென்று ஓடவிட்டுப் படிப்பவர்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் அது பிரமாதம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனுக்கு வேண்டாம். ஜெர்மனில் உயிரின் குறில் நெடில் பொருளையே மாற்றும், அந்த வேறுபாட்டை வேகமான இயந்திரக் குரல் தின்றுவிடும். நமக்குக் குறில் நெடில் தாய்மொழியிலேயே இருப்பது பெரிய வசதி, அதைக் கேட்கிற அளவுக்காவது மெதுவாக வையுங்கள்.

போனில் இது இன்னும் எளிது. ஐபோனின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரின் செட்டிங்ஸில் ஜெர்மனைச் சேர்த்துவிட்டால் ரோட்டரில் லாங்குவேஜ் என்ற தேர்வு வரும், இரண்டு விரலால் திருகி மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் குரல் எஞ்சினின் செட்டிங்ஸுக்குள் போய் ஜெர்மன் குரலை இறக்கிவிட்டு, அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கின் ரீடிங் கன்ட்ரோல்களில் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காதுக்கு வராத எழுத்துகள்

குரல் சரியாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது காட்யா ஒரு வாக்கியத்தை அழகாகப் படிக்கிறாள். அதில் 'ஸீ' என்று ஒரு சொல் வருகிறது. அது 'அவள்' ஆக இருக்கலாம், 'அவர்கள்' ஆக இருக்கலாம், மரியாதைக்குரிய 'நீங்கள்' ஆகவும் இருக்கலாம். கடைசிப் பொருள் என்றால் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து. பார்ப்பவருக்கு அது ஒரு நொடி வேலை. நமக்கு? தொடர்ந்து படிக்கும்போது என்விடிஏ பெரிய எழுத்தைச் சொல்லாது, எழுத்தெழுத்தாகப் போகும்போது மட்டும்தான் சொல்லும். ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் இது ஓரமாகத் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

'தஸ்' என்று ஒலிக்கும் சொல்லும் அப்படித்தான். ஒரு எஸ் போட்டால் ஆர்டிகிள், இரண்டு எஸ் போட்டால் 'என்று' என்கிற பொருளில் வரும் இணைப்புச்சொல். ஒலி ஒன்றேதான். 'மேர்' என்பதற்கு ஒரு எழுத்துக்கூட்டில் 'அதிகம்', இன்னொன்றில் 'கடல்'. 'ஃபீல்' என்பதற்கு வி-யில் தொடங்கினால் 'நிறைய', எஃப்-இல் தொடங்கினால் 'விழுந்தது'. கேட்டு மட்டும் படித்தவர்கள் எழுதும்போது தடுமாறுவது இங்கேதான், அவர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே புதுச்சொல் வந்தால் அதன்மேல் நின்று எண்பலகையில் 5-ஐ இரண்டு முறை தட்டுங்கள், சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். எண்பலகை 2 தற்போதைய எழுத்தைச் சொல்லும், 1-உம் 3-உம் முன்னும் பின்னும் நகர்த்தும். 2-ஐ இரண்டு முறை தட்டினால் அந்த எழுத்தை விளக்கமாகச் சொல்லும். அப்புறம் ஸ்பீச் செட்டிங்ஸில் பெரிய எழுத்துக்கு 'கேப்' என்று சொல்ல வைப்பதையோ ஒரு பீப் ஒலியையோ ஆன் செய்துகொள்ளுங்கள். எனக்குப் பீப்தான் பிடிக்கும், 'கேப்' என்ற சொல் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் குறுக்கே விழுந்து எரிச்சல் தரும்.

பிரெயில் தெரிந்தவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்

கணினி வந்த பிறகு பிரெயிலை ஓரம் கட்டியவர்கள் நம்மிடையே நிறைய. மற்ற பாடங்களுக்கு எப்படியோ, மொழிக்கு இது வேண்டும். மேலே சொன்ன எல்லா எழுத்துச் சிக்கலும் விரல் வழியாகப் போனால் பாதியாகக் குறையும், நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறீர்கள் என்பது இங்கே பொருட்டே இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அதே ஆறு புள்ளிதான், மொழிக்கு மொழி அர்த்தம் வேறு. 3-4-5 புள்ளிகள் நமக்குத் தமிழில் 'ஆ', ஆங்கிலச் சுருக்கப் பிரெயிலான கிரேடு டூவில் ஏ-ஆர் சுருக்கம், ஜெர்மனில் ஏ-உம்லவுட் (மேலே இரண்டு புள்ளி வைத்த ஏ). 2-4-6 தமிழில் 'ஔ', ஆங்கிலத்தில் ஓ-டபிள்யூ, ஜெர்மனில் ஓ-உம்லவுட். 1-2-5-6 தமிழில் 'ஊ', ஆங்கிலத்தில் ஓ-யு, ஜெர்மனில் யு-உம்லவுட். 2-3-4-6 ஆங்கிலத்தில் 'தி', ஜெர்மனில் எஸ்செட் (எஸ் ஒலிக்கான தனி ஜெர்மன் எழுத்து). முதல் சில நாட்கள் விரல் பழைய அர்த்தத்தையே சொல்லும். இதைத் தாண்ட நான் சொல்லும் வழி, ஜெர்மனைத் தனி வேளையில், தனித் தாளில் படிப்பது. ஒரே பக்கத்தில் மூன்று மொழிப் பிரெயிலையும் கலந்தால் விரல் குழம்பும்.

ஜெர்மன் பிரெயிலில் சுருக்கம் இல்லாத அடிப்படை வடிவம் ஒன்று, ஏ-யு, இ-ஐ, ஐ-இ, சி-எச், எஸ்-சி-எச் போன்ற கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனிக் குறி வைக்கும் முழுவடிவம் ஒன்று, நிறையச் சுருக்கங்களோடு குர்ட்ஸ்ஷ்ரிஃப்ட் என்கிற குறுவடிவம் ஒன்று என மூன்று உண்டு. ஜெர்மனியில் பிரெயில் புத்தகங்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் வரும். நீங்கள் கற்கும் காலத்தில் முதல் வடிவத்தைத் தாண்ட வேண்டாம். எழுத்துக்கூட்டைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் சுருக்கம் அதையே மறைத்துவிடும். இன்னொன்று, ஜெர்மன் பிரெயிலில் பெரிய எழுத்தைக் குறிக்காமல் விடுவது நெடுநாள் வழக்கம். அதனால் என்விடிஏ-வின் பிரெயில் செட்டிங்ஸில் ஜெர்மன் எட்டுப்புள்ளிக் கணினிப் பிரெயில் டேபிளைத் தேர்ந்தெடுங்கள், அதில் பெரிய எழுத்துக்கு 7-ஆம் புள்ளி கூடுதலாக எழும், 'ஸீ' அவளா நீங்களா என்று தொட்டதும் தெரியும்.

மொழி மாறும்போது குரல் தானாக மாறுவது போலப் பிரெயில் டேபிள் மாறாது, இதை நினைவில் வையுங்கள். புரொஃபைலுக்குள் டேபிளை வைக்கச் சொன்னது இதனால்தான்.

டிஸ்ப்ளேயின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. ஆர்பிட் ரீடர் 20, பிரெயில்மீ ஆகிய இரண்டும் இருபது செல் (ஒரு செல்லில் ஒரு பிரெயில் குறி) கொண்டவை, மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை குறைந்தவை. பிரெயில்மீ மும்பையில் உருவானது. சொந்தமாக வாங்குவதற்கு முன் உங்கள் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

அட்டவணைக்குத் தாள்தான்

இருபது செல் டிஸ்ப்ளே ஒரே ஒரு வரி. ஜெர்மன் இலக்கணமோ அட்டவணைகளால் ஆனது. வரிசையை மேலிருந்து கீழே தடவினால்தான் அதில் இருக்கும் ஒழுங்கு கைக்கு வரும். இங்கே ஸ்லேட்டும் ஸ்டைலஸும் எந்தக் கருவியையும் மிஞ்சும்.

ஆர்டிகிள் அட்டவணையை இப்படி எழுதிப் பாருங்கள். முழுச் சொல்லையும் எழுத வேண்டாம், கடைசி எழுத்து மட்டும் போதும். குறுக்கே நான்கு பத்தி: ஆண்பால், பெண்பால், அஃறிணை போன்ற மூன்றாம் பால், பன்மை. கீழ்நோக்கி நான்கு வேற்றுமைக்கு நான்கு வரி: நாமினாடிவ், அக்குசாடிவ், டாடிவ், கெனிடிவ். முதல் வரி ஆர், இ, எஸ், இ. இரண்டாவது என், இ, எஸ், இ. மூன்றாவது எம், ஆர், எம், என். நான்காவது எஸ், ஆர், எஸ், ஆர். மொத்தம் பதினாறு எழுத்து, பத்திக்குப் பத்தி இரண்டு செல் இடைவெளி விட்டால் ஒரு உள்ளங்கை அகலத்தில் அடங்கும். விரலை முதல் பத்தியில் கீழே இறக்கினால் ஆர், என், எம், எஸ். அடுத்ததில் இ, இ, ஆர், ஆர். முதல் இரண்டு வரியில் கையை வைத்தால், ஆண்பாலைத் தவிர எதுவும் மாறவில்லை என்பது தானே புரியும். இதே அட்டவணையை ஸ்கிரீன் ரீடர் ஒரே மூச்சில் வாசிக்கக் கேட்டால் இந்த உறவு எதுவும் தெரியாது.

இணையத்தில் அட்டவணை வந்தால் டி (டேபிளின் டி) விசையால் அதற்குத் தாவி, கன்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறிகளை அழுத்திக் கட்டம் கட்டமாகப் போங்கள். ஜெர்மன் விக்ஷனரியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இப்படி ஒரு வேற்றுமை அட்டவணை உண்டு. ஒரு பத்தியில் கீழே இறங்கும்போது வரித்தலைப்பையும் சேர்த்துச் சொல்லும்.

பாலை நினைவில் வைக்கப் பாடப்புத்தகங்கள் நிறத்தைப் பயன்படுத்தும், ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதிலாகக் குரலை நிறமாக்கலாம். அங்கி என்ற இலவசச் சொல்லட்டை மென்பொருளில், அட்டையை வாசிக்கும் குரலை டெம்ப்ளேட்டிலேயே குறிப்பிட முடியும். மூன்று நோட் டைப் (அட்டை வகை) உருவாக்கி, ஆண்பால் சொல்லுக்கு ஸ்டெஃபான், பெண்பாலுக்குக் காட்யா, மூன்றாம் பாலுக்கு ஹெடா என்று பிரித்துக் கொடுத்தால் சொல்லோடு பாலும் காதில் பதியும். டெம்ப்ளேட்டை ஒருமுறை அமைக்க, பார்வையுள்ள நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதன்பின் அன்றாடப் பயிற்சிக்கு ஸ்பேஸ் அழுத்தினால் விடை, 1 முதல் 4 வரை மதிப்பீடு, ஆர் அழுத்தினால் மறுபடி ஒலி, அவ்வளவுதான். பெரிய சொற்பட்டியலை அங்கியின் பிரவுஸ் ஜன்னலில் திருத்த முயற்சிக்காதீர்கள், டேப் பிரித்த டெக்ஸ்ட் கோப்பாகத் தயாரித்து இம்போர்ட் செய்யுங்கள். போனில் அங்கிட்ராய்ட் டாக்பேக்கோடு பேருந்தில் போகும்போதுகூட ஓடும்.

தட்டச்சு

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்துக்கொள்வது. அதில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும், ஓ-வுக்கு அடுத்திருக்கும் பி-க்கு வலப்பக்கம் யு-உம்லவுட், எல்-க்கு வலப்பக்கம் ஓ-உம்லவுட், அதற்கும் அடுத்து ஏ-உம்லவுட், பூஜ்யத்துக்கு வலப்பக்கம் எஸ்செட். இன்னொன்று, யுஎஸ் இன்டர்நேஷனல் கீபோர்ட். அதில் வலப்பக்க ஆல்ட்டோடு க்யூ அழுத்தினால் ஏ-உம்லவுட், அதே பி அழுத்தினால் ஓ-உம்லவுட், ஒய் அழுத்தினால் யு-உம்லவுட், எஸ் அழுத்தினால் எஸ்செட். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் மாறி மாறி அடிப்பவருக்கு இசட், ஒய் குழப்பம் வேண்டாம். ஜெர்மனியில் போய்ப் படிக்கும் எண்ணம் இருந்தால் முதலாவதைப் பழகுங்கள், அங்கே நூலகக் கணினி எல்லாம் அப்படித்தான் இருக்கும். என்விடிஏ விசையும் 2-உம் சேர்த்து அழுத்தினால் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்வது ஆன் ஆகும். வகுப்பில் அடிக்கும்போது அதை ஆன் செய்து வையுங்கள்.

புத்தகத்தை உங்கள் வழிக்குக் கொண்டுவருவது

உண்மையில் பாதி நேரம் இதில்தான் போகும். பாடப்புத்தகம் வண்ணப்படம், பேச்சுக்குமிழி, கோடிட்ட இடம், பொருத்துக என்று நிறைந்திருக்கும். முதலில் பதிப்பாளரிடம் டிஜிட்டல் கோப்பைக் கேளுங்கள், பயிற்சி நிலையத்தின் வழியாகக் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். கிடைக்கவில்லையென்றால் ஸ்கேன் செய்யத் தயங்க வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காகப் புத்தகத்தை ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. அதோடு மராகேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்தது, அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஜெர்மனியும் அதில் இருப்பதால் அங்கே தயாரான பிரெயில், ஒலிப் புத்தகங்களை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாக நாடு தாண்டிப் பெற முடியும். லைப்சிக் நகரில் 1894 முதல் இயங்கிவரும் பார்வையற்றோர் நூலகத்தின் பெயர் இப்போது டிசட்பி லேசன். இங்கே பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் உறுப்பினராகி அதன் வழியே கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது செய்ய வேண்டிய ஒரே முக்கிய வேலை, ஓசிஆரின் (படத்தில் இருக்கும் எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) மொழியை ஜெர்மனுக்கு மாற்றுவது. ஆங்கிலத்தில் விட்டால் உம்லவுட் புள்ளிகள் உதிர்ந்துவிடும், எஸ்செட் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான பெரிய பி ஆகிவிடும், நீங்கள் அந்தத் தவறான எழுத்துக்கூட்டையே மனப்பாடம் செய்வீர்கள். என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தி வரும் விண்டோஸ் ஓசிஆருக்கும் இது பொருந்தும். விண்டோஸில் ஜெர்மன் மொழித் தொகுப்பு இறங்கியிருந்தால்தான் என்விடிஏ செட்டிங்ஸில் அந்த மொழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கிடைத்த உரையை வேர்டில் போட்டு, ஜெர்மன் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ரிவ்யூ டேபில் இருக்கும் புரூஃபிங் மொழியை ஜெர்மன் என்று வையுங்கள். ஒரே வேலையில் இரண்டு பலன்: குரல் தானாக மாறும், எழுத்துப்பிழையையும் ஜெர்மன் அகராதியை வைத்தே சொல்லும். சொற்பட்டியல் என்றால் இரண்டு பத்தி அட்டவணையாகப் போட்டு, இடப்பத்தி முழுக்க ஜெர்மன், வலப்பத்தி தமிழ் என்று வையுங்கள். கோடிட்ட இடங்களை நீளமான அடிக்கோடாக விடாமல் மூன்று நட்சத்திரக்குறியாக மாற்றினால் தேடிப் போவது சுலபம்.

படங்களுக்கு பி மை ஐஸ் செயலியின் செயற்கை நுண்ணறிவு விவரணை நன்றாக உதவுகிறது. படத்தைக் கொடுத்துவிட்டு விவரணையை ஜெர்மனிலேயே, ஏ1 அளவில், சின்ன வாக்கியங்களாகக் கேளுங்கள், அதுவே ஒரு பாடம் ஆகிவிடும். ஆனால் பயிற்சியின் விடை படத்தின் ஒரு சின்ன விவரத்தைச் சார்ந்திருந்தால், கடிகாரம் காட்டும் மணி போல, ஒரு மனிதரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் எப்படி அசைகிறது

ஆசிரியரின் உதட்டைப் பார்த்துக் கற்பதை நாம் வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். யு-உம்லவுட்டுக்கு: 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' சொல்வது போலக் குவியுங்கள். ஓ-உம்லவுட்டுக்கு: நாக்கு 'ஏ', உதடு 'ஓ'. சுட்டுவிரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு சொன்னால் குவிகிறதா இல்லையா என்று தெரியும். 'நான்' என்பதற்கான 'இஷ்' போன்ற சொல்லின் முடிவு நம் 'ஷ்' அல்ல. 'ஈ' சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக் குரல் இல்லாமல் காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி வரும், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஆசிரியர்கள் இதை இப்படியே சொல்லிக்கொடுத்தால் வகுப்பில் எல்லோருக்கும் பயன்.

இயந்திரக் குரல் நல்ல முன்மாதிரி அல்ல, வாசிக்கத்தான் அது. உச்சரிப்புக்கு மனிதக் குரலைக் கேளுங்கள். ஃபோர்வோ தளத்தில் தாய்மொழியாளர்கள் பதிவு செய்த சொற்கள் கிடைக்கும். டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசிக்கும் ஒரு செய்தித் தொகுப்பை உரையோடு சேர்த்தே தருகிறது, ஏ2 முடித்தவர்களுக்கு அதைவிட நல்ல தினசரிப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. முதலில் கேட்பது, பிறகு உரையைப் பிரெயிலில் படிப்பது, மறுபடி கேட்பது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஆர் அழுத்தி உங்கள் குரலைப் பதிந்து, மூலத்தை அடுத்த டிராக்கில் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். டெம்போவைக் குறைத்தால் குரலின் சுருதி மாறாமல் மெதுவாகும்.

வகுப்பறையில்

ஆசிரியர் பேசும்போதே ஸ்கிரீன் ரீடரும் பேசினால் இரண்டும் கேட்காது. ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்ப்ளே இருந்தால் என்விடிஏ விசையோடு எஸ் அழுத்திப் பேச்சையே நிறுத்திவிட்டு விரலால் மட்டும் பின்தொடருங்கள்.

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாயால் சொல்ல வேண்டும், புதுச்சொல்லுக்கு எழுத்துக்கூட்டையும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு முதல் நாளே கோப்பை அனுப்ப வேண்டும். பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு விடக்கூடாது, கையெழுத்துப் போட்டோவை ஓசிஆர் சரியாகப் படிப்பதில்லை. வகுப்பில் யாராவது ஒருவர் அதை டைப் செய்து போட்டால் போதும், பத்து நிமிட வேலை. 'இதையும் இதையும் பொருத்துங்கள்' என்று விரல் நீட்டுவதற்குப் பதிலாக எண்ணும் எழுத்தும் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையம் ஒன்றில் சேரப் போனபோது "உங்களைப் போன்றவர்களுக்கு எங்களிடம் வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். மேலே சொன்னவற்றில் காசு செலவாகும் வசதி என்று எதுவுமே இல்லை, எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

தேர்வு

ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோய்த்த இன்ஸ்டிடியூட்டின் ஏ1 தேர்வில் கேட்டல் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேச்சு சுமார் 15. வாசித்தலில் விளம்பரங்களும் அறிவிப்புப் பலகைகளும் வரும், எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பேச்சின் மூன்றாம் பகுதியில் படம் போட்ட அட்டையை எடுத்து அதை வைத்து ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டும். எதுவும் அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கென்று அவர்களிடம் தனி விதிகள் உண்டு. பதிவு செய்யும்போதே சான்றிதழோடு சொல்லியாக வேண்டும், தேர்வு நாளன்று போய்ச் சொன்னால் ஒன்றும் நடக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன்தான் (இந்தியாவில் கோய்த்த இன்ஸ்டிடியூட்டின் பெயர்) இடம்.

மின்னஞ்சலில் இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: எவ்வளவு கூடுதல் நேரம், வினாத்தாள் பிரெயிலிலா டிஜிட்டல் கோப்பாகவா, கோப்பு என்றால் எந்த வடிவம், கணினியில் எந்த ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரலோடு இருக்கும், உங்கள் பிரெயில் டிஸ்ப்ளேயைக் கொண்டுவரலாமா, பட அட்டைக்குப் பதில் சொல் அட்டை தருவார்களா, கேட்டல் பகுதியில் கேள்வியைப் படிப்பதற்காக ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் போடுவார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஒலிப்பதிவும் ஸ்கிரீன் ரீடரும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் கேள்வியைத் தவறவிடுவோம். பதில் எழுத்தில் வந்ததும், அவர்கள் சொன்ன அதே வடிவக் கோப்பில், அதே குரலில், மாதிரித் தேர்வைக் குறைந்தது இரண்டு முறை நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.